இடக்கை ஈட்டிய தங்கம்

(ஒலிம்பிக் வீரர் கரோலி தகாச் அவர்களின் வாழ்க்கை வரலாறு)

தச்சருக்கு உளி, தையற்காரருக்குக் கத்தரிக்கோல், உழவருக்கு அரிவாள். எந்தத் தொழிலைச் செய்பவரும் முதலில் தேடுவது தம் கைக்குப் பொருந்தும் கருவியைத்தான். நெல் விளையும் தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. அறுவடைக்குப் போகிறவர்கள் அடுத்தவர் அரிவாளை இரவல் வாங்க விரும்பமாட்டார்கள். பழகிய அரிவாளின் பிடியில் அவர்கள் விரல்களின் தடமே பதிந்திருக்கும்.

ஆனால் ஒருவருக்குப் பழகிய கையே இல்லாமற் போய்விட்டால்? அப்போது கருவியை என்ன செய்வது? கற்ற வித்தையை என்ன செய்வது?

இந்தக் கேள்வி சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் எழுந்தது. குடமுருட்டி ஆற்றங்கரையில் விவசாயம் பார்க்கும் என் தாய்மாமா, மாட்டுக்குத் தீவனப் புல் வெட்டும் இயந்திரத்தில் கைபட்டு, வலக்கையின் மூன்று விரல்களை இழந்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. கடையில் காசை இடக்கையால் நீட்டக் கூசி, கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். திருமண வீடுகளுக்கும் அத்தையை மட்டும் அனுப்பிவைத்தார். சம்பா முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அந்த நாட்களில்தான் விளையாட்டு வீரர்களைப் பற்றிய பொது அறிவுப் புத்தகம் ஒன்றில் கரோலி தகாச் என்னும் பெயரை நான் முதன்முதலாகக் கண்டேன். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததை என் அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பெண்கள் படிக்கும் பள்ளியின் ஆண்டு மலரில் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறாளே என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சொல்லப்போவது உயிரைப் பறிக்கும் துப்பாக்கியைப் பற்றி அன்று. காகித வட்டத்தைக் குறிபார்க்கும் விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றித்தான். தகாச் அவர்களின் கையைப் பறித்தது போருக்கென்று செய்யப்பட்ட குண்டு. அவருக்குப் புகழைத் தந்ததோ எவரையும் புண்படுத்தாத ஒரு விளையாட்டு.

இளமையும் பயிற்சியும்

கரோலி தகாச் 1910ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்ட்டில் பிறந்தார். நமக்குக் காவிரி எப்படியோ அப்படி அந்நகர மக்களுக்கு டான்யூப் நதி. ஆற்றின் ஒரு கரையில் புடா, மறு கரையில் பெஸ்ட். இரண்டும் சேர்ந்ததே புடாபெஸ்ட். வாலிப வயதில் அவர் ஹங்கேரிய இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே கைத்துப்பாக்கி சுடுவதில் அவருக்கு இருந்த திறமை வெளிப்பட்டது. 1936ஆம் ஆண்டிற்குள் உலகத்தின் சிறந்த கைத்துப்பாக்கி வீரர்களுள் ஒருவராக அவர் எண்ணப்பட்டார்.

அவர் தேர்ந்த போட்டி, விரைவாகச் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டியாகும். அதைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டால்தான் அவர் செய்த சாதனையின் அருமை நமக்கு விளங்கும். சுடுபவருக்கு 25 மீட்டர் தூரத்தில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். சுடுபவர் துப்பாக்கி ஏந்திய கையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். அடையாளம் கிடைத்தவுடன் கையை உயர்த்தி, ஒவ்வோர் இலக்கிலும் ஒரு குண்டு வீதம் ஐந்து குண்டுகளைச் சுட வேண்டும். இதற்கு முதலில் 8 விநாடி, பிறகு 6 விநாடி, கடைசியாக 4 விநாடி மட்டுமே தரப்படும். நான்கு விநாடி என்பது நாம் நிதானமாக ஒரு முறை சிலுவை அடையாளம் வரையும் நேரம். அதற்குள் ஐந்து இலக்குகள்! இவ்வாறு மொத்தம் 60 குண்டுகள் சுட வேண்டும். ஒரு குண்டுக்கு அதிக அளவாக 10 புள்ளிகள். ஆக மொத்தம் 600 புள்ளிகள்.

இதில் இன்னொரு கடுமையான விதியும் உண்டு. கைத்துப்பாக்கியை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மற்றக் கை அதைத் தொடக்கூடாது. மணிக்கட்டுக்கு எவ்விதமான முட்டும் கொடுக்கக்கூடாது. நீட்டிய கை ஒன்றே துணை. ஆகவே கைத்துப்பாக்கி வீரருக்கு அந்த ஒரு கையே எல்லாம் என்று சொல்லலாம்.

மூடிய கதவு

1936ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. ஹங்கேரி அணியில் தமக்கு இடம் கிடைக்கும் என்று தகாச் எதிர்பார்த்திருப்பார். திறமை இருந்தது, பயிற்சி இருந்தது. ஆனால் அவர் இராணுவத்தில் ஒரு சார்ஜண்ட்டாக இருந்தார். அந்நாளில் ஹங்கேரிய இராணுவத்தில் அதிகாரிகளாக நியமனம் பெற்றவர்களை மட்டுமே அணியில் சேர்த்தார்கள். பதவி சிறியது என்ற காரணத்தால் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

கை நடுங்கித் தோற்றவர் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். சுடவே விடாமல் நிறுத்தப்பட்டவர் எப்படித் தேறுவார்? இருந்தும் அவர் துப்பாக்கியை மூலையில் வைத்துவிடவில்லை. பெர்லின் பந்தயங்களுக்குப் பிறகு அந்தத் தடை நீக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக் 1940இல் வர இருந்தது. கதவு திறந்துவிட்டது, இனி உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

பறிபோன வலக்கை

1938ஆம் ஆண்டு இராணுவப் பயிற்சியின்போது அவர் வலக்கையில் வைத்திருந்த கையெறி குண்டு ஒன்று பழுதின் காரணமாகக் கையிலேயே வெடித்துவிட்டது. வலக்கை சிதைந்துபோனது. எந்தக் கையை நம்பி அவர் பல்லாண்டு உழைத்தாரோ அந்தக் கை ஒரு நொடியில் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 28.

ஒரு மாத காலம் அவர் மருத்துவமனையில் இருந்தார். அங்கே அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நான் என் மாமாவின் முகத்தைப் பார்த்து ஓரளவு அறிந்திருக்கிறேன். கட்டுப்போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு, வாசல் திண்ணையில் வயலைப் பாராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார் மாமா. ஊரார் வந்து ஆறுதல் சொல்லச் சொல்ல அவர் தலை இன்னும் தாழ்ந்துபோகும்.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்த தகாச் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வலக்கை போனால் என்ன, இடக்கை இருக்கிறதே என்பதுதான் அம்முடிவு. சொல்லுவதற்கு இது எளிதாக இருக்கிறது. தோழியரே, இன்று இரவு வீட்டுப் பாடத்தில் ஒரே ஒரு பக்கத்தை இடக்கையால் எழுதிப் பாருங்கள். எழுத்து எப்படிக் கோணுகிறது, கை எவ்வளவு சீக்கிரம் வலிக்கிறது என்று தெரியும். அந்தக் கையால் 4 விநாடியில் ஐந்து இலக்குகளைத் தொட வேண்டுமென்றால் அது எத்தகைய உழைப்பாக இருக்க வேண்டும்!

அவர் யாரிடமும் சொல்லவில்லை. எவரும் அறியாமல் தனியே பயிற்சி செய்தார். கை தவறும்போது அதைப் பார்த்து இரங்குவதற்கு அருகில் ஆள் இல்லாதிருப்பதும் ஒரு நன்மையே.

இடக்கைக்கு ஒரு துப்பாக்கி

இடக்கையால் சுடுவது கையை மாற்றுவதோடு முடிந்துவிடும் காரியம் அன்று. கருவியும் மாற வேண்டும். நம் வீட்டுக் கத்தரிக்கோலைப் போலவே கைத்துப்பாக்கியும் பெரும்பாலும் வலக்கைக்காரரை மனத்தில் வைத்துச் செய்யப்படுகிறது. போட்டித் துப்பாக்கியின் மரப்பிடி உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருக்கும். கட்டைவிரலுக்கு ஒரு குழி, மற்ற விரல்களுக்குத் தனித்தனித் தடம், கையின் அடிப்பாகத்தைத் தாங்க ஒரு விளிம்பு என்று பல பகுதிகள் அதில் உண்டு. வலக்கைக்காகச் செய்த பிடி இடக்கைக்குள் அடங்காது. வலக்கைச் செருப்பை, அதாவது வலக்கால் செருப்பை இடக்காலில் மாட்டியது போல உறுத்தும். பல துப்பாக்கிகளில் பாதுகாப்புத் தாழ்ப்பாள்கூட வலக்கைக் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்திலேதான் இருக்கும்.

கண்ணையும் மறந்துவிடக்கூடாது. நம் இரு கண்களில் ஒன்றுதான் குறிபார்ப்பதில் முதன்மையானது. அது எது என்று அறிய எளிய வழி உண்டு. இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சிறு துளை அமைத்து, அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுவே முதன்மைக் கண். வலக்கண் முதன்மையாக உள்ளவர் இடக்கையால் சுட நேர்ந்தால், நிற்கும் கோணத்தையும் தலையை வைக்கும் நிலையையும் புதிதாகப் பழக வேண்டும்.

சுருங்கச் சொன்னால், இடக்கைக்கு மாறும் எந்த வீரரும் நிற்பது, பிடிப்பது, பார்ப்பது, விசையை அழுத்துவது ஆகிய அனைத்தையும் அகரத்திலிருந்து மீண்டும் கற்க வேண்டும். முன்பு உலகத் தரத்தில் சுட்டவர், மீண்டும் முதல் வகுப்பில் உட்கார வேண்டும். அப்படி உட்கார மனம் ஒப்பியதே தகாச் அவர்களின் முதல் வெற்றி என்று நான் நினைக்கிறேன்.

வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர்

1939ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹங்கேரியின் தேசியக் கைத்துப்பாக்கிப் போட்டி நடந்தது. அங்கே தகாச் வந்து நின்றபோது பழைய நண்பர்கள் சூழ்ந்துகொண்டு அனுதாபம் தெரிவித்தார்களாம். தங்கள் ஆட்டத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தாரே என்று பாராட்டினார்களாம். தாம் பார்க்க வரவில்லை, போட்டியிட வந்திருப்பதாக அவர் அமைதியாகத் தெரிவித்தாராம். போட்டியின் முடிவில் முதற்பரிசு பெற்றவர் அவரே. விபத்து நடந்து ஓராண்டு அளவே ஆகியிருந்தது. அதே 1939ஆம் ஆண்டில் உலகப் போட்டியில் வெற்றி பெற்ற ஹங்கேரிய அணியிலும் அவர் இடம் பெற்றார்.

இனி ஒலிம்பிக்தான் என்று இருந்த வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் கைவிடப்பட்டது. 1944ஆம் ஆண்டு ஒலிம்பிக்கும் நடக்கவில்லை. ஒரு வீரரின் வாழ்க்கையில் உடல் வலுவோடு இருக்கும் ஆண்டுகள் சிலவே. அந்த ஆண்டுகள் போரில் கரைந்துபோயின. முதலில் பதவி தடுத்தது. பிறகு குண்டு தடுத்தது. அதன்பின் போர் தடுத்தது. மூன்று முறை வாசற்படி வரை வந்து திரும்பியவரின் மனம் எப்படி இருந்திருக்கும்! ஆயினும் அவர் பயிற்சியை விடவில்லை.

லண்டனும் ஹெல்சிங்கியும்

1948ஆம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் மீண்டும் தொடங்கின. சுதந்திர இந்தியா முதன்முதலாகப் பங்கேற்ற ஒலிம்பிக்கும் அதுவே. ஹாக்கியில் நாம் தங்கம் வென்றதும் அங்கேதான். துப்பாக்கிப் போட்டிகள் லண்டனுக்கு அருகிலுள்ள பிஸ்லி என்னும் இடத்தில் நடைபெற்றன. தகாச் அவர்களுக்கு அப்போது 38 வயது.

விரைவுப் போட்டியில் தங்கம் பெறுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தவர் அர்ஜென்டினா நாட்டின் சயன்ஸ் வாலியெந்தே. அவர் அப்போதைய உலக வெற்றிவீரர். போட்டிக்கு முன் அவர் தகாச்சைக் கண்டு, லண்டனுக்கு எதற்காக வந்தீர்கள் என்று கேட்டதாகவும், கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று தகாச் பணிவாகக் கூறியதாகவும் சொல்வார்கள். போட்டி முடிந்தது. தகாச் 60 குண்டுகளையும் இலக்கில் செலுத்தி, 580 புள்ளிகள் பெற்று, புதிய உலக சாதனையோடு தங்கப் பதக்கம் வென்றார். அர்ஜென்டினா வீரர் 571 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பெற்றார். பரிசளிப்பின்போது அவர் தகாச்சை வாழ்த்தி, நீங்கள் போதுமான அளவு கற்றுவிட்டீர்கள் என்று கூறினாராம். தோற்ற நேரத்திலும் அப்படி மனமுவந்து பேசிய அவரையும் நாம் போற்ற வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1952இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் தகாச் மீண்டும் களம் இறங்கினார். இம்முறை அவருக்குக் கடுமையான போட்டியாக வந்தவர் அவருடைய சொந்த நாட்டவர். சிலார்ட் குன் என்னும் 17 வயது இளைஞர் அவர். தகாச் அவருக்குப் பயிற்சி அளித்தவர். தகாச் பெற்றது 579 புள்ளிகள். குன் பெற்றது 578. ஒரே ஒரு புள்ளி! 42 வயது ஆசிரியருக்குத் தங்கம். 17 வயது மாணவருக்கு வெள்ளி. இப்போட்டியில் ஒலிம்பிக் தங்கத்தை அடுத்தடுத்து இரு முறை வென்ற முதல் வீரர் தகாச்தான்.

1956இல் மெல்போர்னில் நடந்த ஒலிம்பிக்கிலும் அவர் கலந்துகொண்டு எட்டாம் இடம் பெற்றார். ஹங்கேரியில் 35 தேசியப் பட்டங்களை வென்றார். இளைஞர்களுக்குப் பயிற்சியாளராக விளங்கினார். 1936இல் சார்ஜண்ட் என்று ஒதுக்கப்பட்ட அவர், இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபோது லெப்டினன்ட் கர்னல் பதவியில் இருந்தார். 1976ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், 66ஆவது பிறந்த நாளுக்குப் பதினாறு நாட்களே இருக்கையில், அவர் மறைந்தார்.

நம் நாட்டில்

தகாச் அவர்களின் வரலாற்றைப் படித்தபின் நம் நாட்டு வீரர்களைப் பற்றித் தேடினேன். இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. தகாச் வென்ற அதே விரைவுப் போட்டியில், அதே லண்டன் மாநகரில், 64 ஆண்டுகள் கழித்து 2012இல் வெள்ளிப் பதக்கம் பெற்றவர் இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த விஜய் குமார். அவர் அப்போது நம் இராணுவத்தில் சுபேதாராகப் பணிபுரிந்தார். பதவியைக் காட்டி அவரை யாரும் தடுக்கவில்லை என்பதை எண்ணி மகிழ்ந்தேன்.

அரியானாவைச் சேர்ந்த மணீஷ் நர்வாலுக்குப் பிறவியிலேயே வலக்கையில் குறைபாடு. அவர் 2021இல் டோக்கியோவில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸில் வெள்ளியும் பெற்றார்.

கருவியின் முக்கியத்துவத்தை நமக்குக் காட்டியவர் மனு பாக்கர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய துப்பாக்கி பழுதானது. அதைச் சரிசெய்வதில் நேரம் வீணாகி, இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பை இழந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையை அடைந்தார். நமக்குப் பக்கத்தில் உள்ள புதுக்கோட்டையிலிருந்தும் பிருத்விராஜ் தொண்டைமான் அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். அவர் சுடுவது நீண்ட துப்பாக்கியால்; பறக்கும் களிமண் தட்டுகளே அவருக்கு இலக்கு.

கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இவர்களைப் பற்றிப் படித்ததும் நம்மில் சிலருக்கும் இந்த விளையாட்டில் ஆசை பிறக்கலாம். அத்தகைய தோழியருக்காகவும் அவர்கள் பெற்றோருக்காகவும் நான் அறிந்தவற்றைக் கூறுகிறேன்.

முதலில் எந்தப் போட்டி என்பதை முடிவு செய்ய வேண்டும். தொடக்க நிலைக்கு ஏற்றது 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. இதில் வெடிமருந்து இல்லை. அடைக்கப்பட்ட காற்றின் வலுவால் 4.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஈயக்குண்டு பாய்கிறது. இலக்கின் நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவுதான். இதில் நன்கு தேர்ந்தபின்பே 25 மீட்டர் போட்டிக்குரிய தோட்டாத் துப்பாக்கியை நினைக்க வேண்டும்.

இரண்டாவது, பிடி. அழகையும் பெயரையும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். பிடியில் வலக்கை, இடக்கை என்ற வேறுபாடும், சிறியது பெரியது என்ற அளவுகளும் உண்டு. பொருத்தம் பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பயிற்சிக் களத்தில், குண்டு போடாத துப்பாக்கியைப் பிடித்து, கண்களை மூடி, இலக்கை நோக்கிக் கையை இயல்பாக உயர்த்த வேண்டும். பிறகு கண்களைத் திறக்க வேண்டும். முன்குறி, பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து நின்றால் பிடி நமக்கு ஏற்றது. மணிக்கட்டைத் திருகித்தான் அதை நடுவே கொண்டுவர வேண்டியிருந்தால் பிடி ஏற்றதன்று. சிறிய குறை என்றால் மரத்தை இழைத்தும், மரப்பசையால் நிரப்பியும் சரிசெய்துகொள்வார்கள்.

மூன்றாவது, எடை. காற்றுக் கைத்துப்பாக்கி 1500 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கனமானது அசையாமல் நிற்கும் என்று எண்ணி, தாங்க முடியாத எடையை எடுத்தால், சிறிது நேரத்திலேயே தோள் சோர்ந்து கை நடுங்கும். போட்டியில் முதற்குண்டைப் போலவே அறுபதாவது குண்டும் கணக்கில் சேரும் அல்லவா?

நான்காவது, விசை. காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் அழுத்தத்தைத் தாங்க வேண்டும்; 25 மீட்டர் துப்பாக்கிக்கு 1000 கிராம். விசை சீராக, வெடுக்கென்று இழுக்கத் தேவையில்லாமல் விடுபட வேண்டும். விசையை வெடுக்கென்று இழுப்பதே புதியவர்களின் பெரிய குறை. அதனால்தான் பெரிய வீரர்களும் நாள்தோறும் குண்டு இல்லாமலே விசையை அழுத்திப் பழகுகிறார்கள். குறிபார்க்கும்போது கண் முன்குறியில் நிலைக்க வேண்டும். இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதே சரி.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்கும்போதே விலை கொடுத்து வாங்காதிருப்பது நல்லது. முறையான சங்கத்தில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கிகளில் பலவற்றைப் பிடித்துப் பார்த்து, பயிற்சியாளரின் ஆலோசனையோடு தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. தோட்டாத் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 21 வயது நிரம்பாதவர்கள் சட்டம் அனுமதிக்கும் பயிற்சியில், பெரியவர்களின் மேற்பார்வையில் மட்டுமே அதைக் கையாளலாம். எந்தத் துப்பாக்கியானாலும் அது குண்டு நிரம்பியது என்றே எண்ண வேண்டும். அதன் முனையை மனிதர் பக்கம் ஒருபோதும் திருப்பக்கூடாது. சுடத் தயாராகும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. இவ்விதிகளைக் கடைப்பிடிக்க இயலாதவருக்கு இவ்விளையாட்டு வேண்டாம்.

மாமாவின் அரிவாள்

தகாச் அவர்களின் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் மாமாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வருத்தப்படுத்திவிட்டேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

பிறகு அத்தை சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரிந்தது. மறுவாரம் மாமா தம் பழைய கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கொல்லுப்பட்டறைக்குப் போயிருக்கிறார். கருக்கரிவாளின் பல் ஒரு பக்கத்தில்தான் வெட்டப்பட்டிருக்கும். வலக்கையில் பிடித்து இழுத்தால் தாளை அறுக்கும் அது, இடக்கையில் பிடித்தால் தாளின் மீது வழுக்கும். பல்லை மறுபக்கத்தில் வெட்டி, பிடியையும் இடக்கைக்கு ஏற்றபடி இழைத்துத் தரச் சொல்லி வாங்கிவந்தார். பிறகு நாள்தோறும் பொழுது விடியுமுன் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் புல் அறுத்துப் பழகினார். வலக்கையில் எஞ்சிய இரண்டு விரல்களால் புல்லைச் சேர்த்துப் பிடிப்பார், இடக்கையால் அறுப்பார். முதலில் இரண்டு முறை காயமும் பட்டது. அத்தை பார்த்தும் பாராதது போல இருந்துவிட்டாராம்.

தை மாதம் சம்பா அறுவடைக்கு இயந்திரம் வந்தது. இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் இயந்திரம்தான் அறுக்கிறது. ஆனால் அது திரும்ப முடியாத வரப்போரங்களிலும் மூலைகளிலும் கொஞ்சம் கதிர் நின்றுவிடும். அதை ஆள்தான் அறுக்க வேண்டும். பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்த நான் வரப்பில் நின்று பார்த்தேன். சனிமூலையில் நின்ற கதிரை மாமா இடக்கையால் அறுத்துக்கொண்டிருந்தார். வேகம் குறைவுதான். அரிகள் ஒரே சீராக விழவில்லை. ஆனாலும் அந்த மூலை முழுவதையும் அவரே அறுத்து முடித்தார். நிலத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

கரோலி தகாச் தங்கம் வென்றதால் மட்டும் அவரை நான் போற்றவில்லை. தங்கம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. போன கையை நினைத்து அழுதுகொண்டிராமல், இருக்கும் கைக்கு ஏற்ற கருவியைத் தேடி, மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்கினாரே, அது நம் ஒவ்வொருவராலும் முடியும். தேர்வில் தவறியவருக்கும், நோயில் ஓராண்டை இழந்தவருக்கும், மற்றவர்களைப் போல் எனக்கு வரவில்லையே என்று மனம் நொந்திருக்கும் தோழிக்கும் அவருடைய வாழ்க்கை ஒரு வழிகாட்டி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடிப்பது எந்தக் கை என்று அம்மி கேட்பதில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு